படத்துக்குக் கீழே ஒரு வரி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
8-6-1974

ஜெயம்மாள் டீச்சருக்கு அம்சவேணி எழுதுவது.

நலம் விசாரித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். கை வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மெட்ராஸுக்குப் பயிற்சிக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. உங்களுக்குப் பதிலாக நம் தெரு ஊட்டச்சத்து மையத்துக்கு வந்திருக்கும் கங்கையம்மாளிடம் விலாசம் வாங்கி இதை எழுதுகிறேன்.

கருட சேவைக்குப் பொன்னியைத் தூக்கிக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் போயிருந்தேன். பெருமாளை அவளால் பார்க்க முடியாது. மேளச் சத்தமாவது கேட்கட்டும் என்று போனேன். திரும்பி வரும்போது கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கொட்டகை. ஊட்டச்சத்துக் கண்காட்சி என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தது. நம் மையத்து ஆட்கள் யாராவது இருப்பார்கள், குழந்தைக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்கலாம் என்று நுழைந்தேன்.

களிமண்ணில் கேரட், பப்பாளி, கீரைக்கட்டு எல்லாம் செய்து வைத்திருந்தார்கள். எல்லாம் நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அதைத் தாண்டிப் போனால் என் உயரத்துக்கு ஒரு படம். அதில் பொன்னி. நான் தைத்த கவுன், மேல் பொத்தான் இல்லாத கவுன். இரண்டு கண்ணும் வெள்ளையாகப் பெரிதாக. கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: தாயின் அறியாமை, சேயின் இருட்டு.

எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா தன் பெண்களுக்கு அதைப் படித்துக் காட்டி, "பாத்தியா, ஒண்ணும் தெரியாதவளுங்க புள்ளய என்னா பண்ணி வெச்சிருக்காளுங்க" என்றார். அப்புறம் திரும்பினார். என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவதான்" என்றார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

கையில் குச்சி வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவருக்குச் சந்தோஷம். "ஏம்மா, இந்தப் படத்துப் பக்கத்துல வந்து கொஞ்ச நேரம் நில்லும்மா. நேர்ல பாத்தாத்தான் ஜனங்களுக்குப் புத்தி வரும்" என்றார்.

நான் நின்றேன் டீச்சர். ஏன் நின்றேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. சர்க்கார் ஆள் சொன்னார், நின்றுவிட்டேன். வரிசையாக வந்து பார்த்துக்கொண்டு போனார்கள். பொன்னி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "யாரும்மா இத்தினி பேரு பேசறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த வரியை எழுதியது யார் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
அம்சவேணி


சைதாப்பேட்டை,
சென்னை.
18-6-1974

அன்புள்ள அம்சவேணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன்னை நிற்கவைத்தவர் செய்தது பெரிய தப்பு. அவரைப் பற்றி மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி எந்த ஊரிலும் அப்படி நடக்காது.

படத்தைப் பற்றி நிதானமாகச் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். மாசி மாதம் நம் மையத்தில் நடந்த முகாமில் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் எடுத்த படம் அது. அலுவலகத்துச் சொத்து. எடுக்கும்போது நீ பக்கத்தில்தான் இருந்தாய், வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது ஏழு மாவட்டங்களில் அதை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்கள் அதிகமாகியிருப்பதாகத் தகவல் வருகிறது. உன் பெயரோ ஊரின் பெயரோ அதில் எங்கும் கிடையாது. கீழே இருக்கும் வரி பல பேர் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. ஒருவர் எழுதியது என்று சொல்ல முடியாது.

உன் வருத்தம் எனக்குத் தெரியாததா? நம் வகுப்புக்கு வந்த நாற்பது பேரில் நீதான் முதல். வெளிநாட்டுப் பெண்கள் இரண்டு பேர் பார்க்க வந்த அன்று, எந்தக் கீரையில் என்ன சத்து, எந்த வயதுக் குழந்தைக்கு எத்தனை பிடி என்று நீ நிறுத்தாமல் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதனால்தான் இதையும் கேட்கிறேன். பொன்னிக்குத் தட்டம்மை போட்டிருந்தபோது நான்காம் நாள் நான் உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. உள்ளே வரக்கூடாது என்று உன் வீட்டுக்காரர் சொன்னதால் வாசலில் நின்றே சொன்னேன். வெறும் கஞ்சித் தண்ணீர் போதாது, பருப்பை மசித்துக் கொடு, பால் கொடு, கீரை கொடு, தினமும் கண்ணைத் திறந்து துடை என்றேன். நீ தலையை ஆட்டினாய். ஆட்டிவிட்டு எதையும் செய்யவில்லை.

இது உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. தெரிந்திருந்தும் செய்யாமல் இருப்பதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று நீயே சொல்.

பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளியில் ஐந்து வயதில் சேர்த்துக்கொள்வார்கள். விண்ணப்பப் படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். பொன்னி சாப்பிடுகிறாளா?

அன்புடன்,
ஜெயம்மாள்


பிள்ளையார்பாளையம்,
2-7-1974

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரரும் படித்தார். தறியிலிருந்து எழுந்து வந்து, கை துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "இனிமே அந்த மையத்துப் பக்கம் போவாத" என்றார். உமாபதி என்றால் அதிகம் பேசாத மனுஷன் என்று உங்களுக்குத் தெரியும்.

வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பெயர் வைக்கத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

பொன்னிக்கு முன்னால் எனக்கு ஒரு மகன் இருந்தான். நீங்கள் இந்த ஊருக்கு வருவதற்கு முன். மாணிக்கவாசகம் என்று பெயர் வைத்து, மாணிக்கம் என்று கூப்பிட்டோம். அவனுக்கு இரண்டு வயதில் அம்மை போட்டது. ஐந்தாம் நாள் அவன் பசி தாங்காமல் அழுதான். சின்னப் பெண் நான், அழுகை பொறுக்காமல், ஒரு சொட்டு எண்ணெயில் கடுகு தாளித்து ரசம் வைத்து இரண்டு வாய் ஊட்டினேன். தாளித்த வாசனை தெருவுக்கே போயிற்று. அதற்கு மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். ரசத்தால் போகவில்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். ஆனால் அன்றைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது பெண்கள் என் காது கேட்கத்தான் பேசினார்கள். "அம்மா வந்துக்கினு இருக்கற வீட்ல தாளிச்சாளாம்." அந்தப் பேச்சு நான்கு வருஷம் ஓயவில்லை. என் தங்கை வளைகாப்பில் என்னை முன்னால் நிற்கவிடவில்லை.

பொன்னிக்கு அம்மை போட்டபோது எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. அடுப்பில் பருப்பு வெந்துதான் இருந்தது. கரண்டியில் எடுத்தேன். அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இவளும் போய்விட்டால் என்று நினைத்தேன். பருப்பைக் கொட்டிவிட்டுக் கஞ்சித் தண்ணீரை ஊட்டினேன். உயிர் இருக்கட்டும் என்று கண்ணைக் கொடுத்துவிட்டேன். பயந்தேன் என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் டீச்சர். அறியாமை என்று எழுதியிருக்கிறது.

இன்னொன்று. மையத்தில் கொடுத்தனுப்பிய கேழ்வரகு உருண்டையைப் பொன்னிக்கு என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள். நான் அதை ஐந்தாகப் பிய்த்தேன். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை தறியில் உட்காருகிற மனுஷன் வெறும் வயிற்றோடு இருக்கும்போது பிள்ளைக்கு மட்டும் எப்படி உருண்டையைக் கொடுப்பது? பட்டு வராமல் தறி பாதி நாள் சும்மா இருந்த மாதங்கள் அவை. அவருக்கு ஒரு துண்டு, அவர் தம்பிகள் இரண்டு பேருக்கு இரண்டு, பொன்னிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எனக்கு வந்ததையும் பொன்னிக்கே கொடுத்துவிடுவேன். அது எத்தனை பிடி என்று உங்கள் அட்டவணையில் இல்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். போன கார்த்திகையில் பொன்னி தறிக்குழியில் விழுந்தாள். பகலில் ஓடி ஆடுகிறவள் பொழுது சாய்ந்தால் தட்டைத் தடவுகிறாள் என்று மறுநாள் காலையிலேயே உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் அவள் கண்ணை வெளிச்சத்தில் பார்த்தீர்கள். மார்கழி முகாமில் மருந்து கொடுப்போம், அதுவரை முருங்கைக்கீரை கொடு என்றீர்கள். கொடுத்தேன். முகாம் தைக்குத் தள்ளிப்போனது. அப்புறம் மாசிக்குத் தள்ளிப்போனது. தையில் அம்மை வந்துவிட்டது. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. நான் வந்து சொன்னது அந்த வரியில் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். அதற்காகத்தான் வீட்டுக்காரர் பேச்சைத் தட்டிவிட்டு எழுதுகிறேன். அடுத்த வீட்டு இந்திராணியின் மகள் ஏலவார்குழலி, இரண்டரை வயது, பொழுது சாய்ந்தால் உட்காரவைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளை விழியில் சோப்பு நுரை மாதிரி ஒரு திட்டு. எட்டு நாளாக வயிற்றுப்போக்கு. இந்திராணி யாரிடமும் காட்ட மாட்டேன் என்கிறாள். அந்தப் படத்தைத் தெருவில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். மையத்துக்குப் போனால் குழந்தையைப் படம் பிடித்துத் தொங்கவிடுவார்கள் என்று பேச்சு. செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு மூன்று பேர்கூட வரவில்லை என்று கங்கையம்மாள் அழுகிறார்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

அம்சவேணி


சென்னை,
4-7-1974

அம்சவேணி,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. மற்றதையெல்லாம் பிறகு எழுதுகிறேன். முதலில் இதைப் படி.

அந்த நுரைத் திட்டு கடைசிக்கு முந்தின படி. வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலோ காய்ச்சல் வந்தாலோ கறுப்பு விழி நாலைந்து நாளில் கரைந்துவிடும். கீரை, பப்பாளி எல்லாம் இதற்குப் போதாது. நேரம் கடந்துவிட்டது. குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "ஏ வைட்டமின் மருந்து, இன்றைக்கே" என்று கேட்க வேண்டும். அடுத்த வாரம் வா என்றால் திரும்பி வராதீர்கள். அங்கேயே உட்காருங்கள்.

கங்கையம்மாளுக்கும் எழுதியிருக்கிறேன். ஆனால் இந்திராணி அவருக்குக் கதவைத் திறக்க மாட்டாள். நீ போனால் திறப்பாளா என்று தெரியவில்லை. போ.

ஜெயம்மாள்


பிள்ளையார்பாளையம்,
16-7-1974

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே கங்கையம்மாள் நோட்டுப் புத்தகத்தோடு இந்திராணி வீட்டுக்குப் போனார். "எங்க வீட்ல கொழந்தையே இல்லம்மா" என்று இந்திராணி சொல்லிவிட்டாள். கொடியில் கவுன் காய்ந்துகொண்டிருந்தது.

அப்புறம் நான் போனேன். கதவு இடுக்கு வழியாகத்தான் பேசினாள்.

"நீ எதுக்கு வந்த? உம்பொண்ண மாட்டுன எடத்துல எம்பொண்ணயும் மாட்டணுமா?"

"ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கினு போலாம்னு வந்தேன்."

"நீ எல்லாம் தெரிஞ்சவ. வெள்ளக்காரிங்க முன்னாடி பேசினவ. உனுக்கே இந்தக் கதி. எனுக்கு இன்னா பண்ணிடுவாங்க?"

திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் குழலிக்கு உடம்பு சுடுகிறது என்று சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. பொன்னியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். இந்திராணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்திருக்கும் முன் பொன்னியைக் கொண்டுபோய்க் குழலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். பொன்னி கையை நீட்டிக் குழலியின் முகத்தைத் தடவினாள். "அம்மா, இவளுக்குக் கொதிக்குது" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னேன் டீச்சர். உங்களிடமும் சொல்லவில்லை, இவள் அப்பாவிடமும் சொல்லவில்லை. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று பொன்னியின் இமை இரண்டும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. நந்தியாவட்டைப் பூவை நனைத்து வைத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. வெந்நீர்த் துணியால் துடைத்து விரலால் மெதுவாகப் பிரித்தேன். கறுப்பு விழி இருக்க வேண்டிய இடத்திலிருந்து கஞ்சி ஆடை மாதிரி ஒன்று என் விரலில் வந்தது. அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. துணியில் துடைத்து அந்தத் துணியை அடுப்பில் போட்டேன். அப்புறம் அடுத்த கண்ணைத் திறந்தேன்.

இந்திராணி சாம்பல் கையோடு காதைப் பொத்திக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. முழுதும் சொன்னேன்.

அவள் எழுந்து கையைக் கழுவினாள். குழலியைத் துணியில் சுற்றினாள். "போட்டோ எடுத்தாங்கன்னா அப்பவே எந்திரிச்சி வந்துடுவேன்" என்றாள். "எடுத்தா அந்தப் பெட்டிய நானே ஒடச்சிடறேன். வா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஏகப்பட்ட கூட்டம். பத்து மணிக்கு உட்கார்ந்தவர்களை ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயசு. குழலியின் இமையைத் தூக்கிப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன நாளு என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?" என்றார். இந்திராணி தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னேன், ஏ வைட்டமின் குறைவு, கார்னியா வறண்டுவிட்டது, இன்றைக்கு ஒரு தடவை, நாளைக்கு ஒரு தடவை மருந்து கொடுக்க வேண்டும் என்று. நிமிர்ந்து பார்த்தார். "எங்கம்மா படிச்ச?" என்று கேட்டார். அப்போதுதான் என் மடியில் இருந்த பொன்னி அவர் கண்ணில் பட்டாள். மருந்தை அவரே எடுத்து வந்து ஊற்றினார்.

ஒன்பது நாள் அங்கே இருந்தார்கள். இடது கண் தப்பியது. வலது கண்ணில் புகை படிந்த மாதிரி ஒரு வெள்ளை நிற்கும், அது போகாது என்று சொல்லிவிட்டார்கள். நாலு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்றாராம் டாக்டர். அந்த நாலு நாளும் இந்திராணி பயந்துகொண்டு கதவைச் சாத்தியிருந்த நாட்கள்.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தறியிலேயே இருந்தார். தறியின் ஓடத்தை நிறுத்திவிட்டு, "இந்தப் பொண்ணோட வலது கண்ணுக்குக் கீழ இன்னா எழுதுவாங்கன்னு உங்க டீச்சரக் கேளு" என்றார்.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன்.

அம்சவேணி


சென்னை,
29-7-1974

அம்சவேணி,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

அந்த வரியை எழுதியது நான். பல பேர் உட்கார்ந்து முடிவு செய்ததாகச் சொன்னது பொய். பயிற்சியில் சேர்ந்த முதல் மாதம், ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்த ஒரு குழந்தையைப் பற்றி எழுதி, அதற்கு ஒரு தலைப்பும் வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். நான் பொன்னியைப் பற்றி எழுதினேன். பொருத்தமான வார்த்தைக்காக அரை நாள் யோசித்தேன். கிடைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அதிகாரி அதையே படத்துக்கும் போடச் சொன்னார்.

ஏன் அப்படி எழுதினேன் என்று இப்போது சொல்ல வேண்டும். அறியாமை என்று உன் மேல் எழுதிவிட்டால் வேறு யார் பக்கமும் யாரும் திரும்ப மாட்டார்கள்.

கார்த்திகையில் நீ பொன்னியைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, அன்றைக்கு மருந்து மையத்தில் இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் வந்து இறங்கியது. இரண்டு பாட்டில், பச்சை அலமாரியில், கீழ்த் தட்டில். முகாமில் பெரிய அதிகாரி கையால் முதல் ஸ்பூன் கொடுத்துத் தொடங்கிவைக்க வேண்டும், அதுவரை சீல் உடைக்கக் கூடாது என்று உத்தரவு. அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. தாமலில் அப்பா கோதண்டபாணி படுத்த படுக்கை. ஏரி வற்றி இரண்டு போகம் போயிருந்தது. வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறவள். இதெல்லாம் காரணம் என்று அன்று நினைத்தேன். எழுதிப் பார்த்தால் காரணமாக நிற்கவில்லை. பொன்னியின் கண்ணை நான் வெளிச்சத்தில் பார்த்தபோதே நுரைத் திட்டு தெரிந்தது. எனக்கு அது என்ன என்று தெரியும். சாவி என் இடுப்பில் இருந்தது. ஒரு ஸ்பூன் போதும். முருங்கைக்கீரை கொடு என்று சொல்லி உன்னை அனுப்பினேன்.

முகாம் ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும் உன்னைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மார்கழியில் ஒரு நாள் அலமாரியைத் திறந்தும்விட்டேன். திரும்பப் பூட்டினேன். அம்மை போட்டிருந்தபோது உன் வாசலுக்கு வந்து அவ்வளவு சொன்னதும் மருந்து கொடுக்காத பயத்தால்தான். பருப்பு கொடு, பால் கொடு என்று உன்னை விரட்டினேன். அப்போதும் பாட்டில் அலமாரியில்தான் இருந்தது.

கண்ணுக்குக் கீழே என்ன எழுதுவார்கள் என்று உன் வீட்டுக்காரர் கேட்டதைப் படித்த பிறகு என்னால் வகுப்பில் உட்கார முடியவில்லை. நடந்தது எல்லாவற்றையும் மனுவாக எழுதி மேலே கொடுத்தேன். தாய் இரண்டு மாதம் முன்பே வந்து சொன்னாள், மருந்து இருந்தது, ஊழியர் கொடுக்கவில்லை, ஆகவே படத்தின் கீழ் உள்ள வரி பொய் என்று எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு, "இதை யாரெல்லாம் பார்த்திருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். மறுநாளே ஏழு மாவட்டங்களிலும் படத்தை இறக்கச் சொல்லித் தந்தி போயிற்று. உனக்காக இறக்கவில்லை. என் மனு வெளியே தெரிந்தால் கெட்ட பெயர் என்று இறக்கினார்கள். எப்படியானாலும் இனி அது எங்கும் இருக்காது.

என்னைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும் வரை வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தாமலுக்குப் போகிறேன். அங்கிருந்து உன் வீட்டுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது.

நான் வரலாமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கிறேன்.

ஜெயம்மாள்


பிள்ளையார்பாளையம்,
11-8-1974

ஜெயம்மாள் டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. இவரிடம் காட்டவில்லை. காட்டினால் தாமலுக்கே வந்துவிடுவார். தெருவில் யாருக்கும் சொல்லவில்லை.

அந்தப் பச்சை அலமாரி எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை வகுப்பில் நான் உட்காரும் இடம் அதுதான். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பொன்னியை மடியில் வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிப் பாடம் பண்ணினேன். கார்த்திகையிலிருந்து தை வரை எத்தனை செவ்வாய்க்கிழமை. இந்த எட்டு நாளும் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. சோறு வடிக்கும்போதும் என் முதுகில் அந்தக் கதவு சில்லென்று படுகிறது.

போன வாரம் மையத்துக்குப் புது பாட்டில் வந்தது. முகாம் புரட்டாசியில், அதுவரை திறக்கக் கூடாது என்று கங்கையம்மாளுக்குக் காகிதம். அவர் என்னிடம் காட்டி என்ன செய்யட்டும் என்றார். நான் சாவியை வாங்கிக்கொண்டு போய்த் திறந்து எடுத்தேன். இந்திராணி வாசல் வாசலாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தாள். நான் பிடித்துக்கொள்ள, கங்கையம்மாள் ஊற்றினார். பதினொரு பிள்ளைகள். யார் கேட்டாலும் அம்சவேணி திறந்தாள் என்று சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மருந்து ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் மாதிரி இருக்கிறது. நான் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

படத்தை இறக்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

உங்கள் வேலை போனதற்கு நான் சந்தோஷப்படவில்லை. வருத்தப்படவும் முடியவில்லை. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை எழுதலாமா என்று பார்த்தேன். அந்த வார்த்தை என்னிடம் இல்லை. இனிமேல் வருமா என்றும் தெரியவில்லை. வரும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். நான் தலையை ஆட்டிவிட்டுச் செய்யாமல் இருந்த ஒரு காரியம் போதும்.

வரலாமா என்று கேட்டீர்கள். வாசலில் நிற்கவைக்க மாட்டேன். ஆனால் வருவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பொன்னி இப்போது குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிறாள். உங்கள் குரல் அவளுக்கு மறக்கவில்லை. நீங்கள் வாசலில் பேசினாலே "டீச்சர்" என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கையை நீட்டுவாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள உங்களால் முடியுமானால் வாருங்கள்.

அம்சவேணி